படகின் அடியில் பழைய பெயின்ட்: தேய்த்தால் பலகை பள்ளமாகிறது, என்ன செய்வது?

கேள்வி

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய ஏப்ரல் 15-க்கு மறுநாள் என் 42 அடி மர விசைப்படகைக் கரையேற்றினேன். பழையதாக வாங்கியது, அயினி மரப் பலகை. நீர்மட்டத்துக்குக் கீழே ஆன்டிஃபவுலிங் பெயின்ட் (கடல் உயிர்கள் ஒட்டாமல் இருக்க அடிப்பது) பல ஆண்டுகளாக ஏறி நாணயத்தின் கனத்துக்கு நிற்கிறது. சில இடங்களில் அப்பளம்போல் உரிகிறது. சில இடங்களில் உளிக்கும் அசையவில்லை. அவசரப்பட்டு கிரைண்டரில் தேய்த்தேன். அரை மணி நேரத்தில் பலகையில் பிறை பிறையாகப் பள்ளம். உடன் நின்ற பையனுக்கு இரவெல்லாம் இருமல். காஸ்டிக் சோடா தடவலாமா? ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிகிறது.

பதில் 1

காஸ்டிக் எதற்கு? ப்ளோ லாம்ப் காட்டினால் தானாகப் பொங்கி வரும். வேலை ஒரே நாளில் முடியும்.

பதில் 2 (ஓடாவி, அதாவது படகு கட்டும் தச்சர், 30 ஆண்டு வேலை)

தம்பி, இரண்டும் வேண்டாம். காஸ்டிக் மரத்தின் நாரைத் தின்றுவிடும். கழுவிய பிறகு பலகை தேங்காய் மட்டைபோல் சிலிர்த்து நிற்கும், அதன்மேல் எந்தப் பூச்சும் பிடிக்காது. நெருப்பு காட்டினால், நீர் புகாமல் பலகை மூட்டில் அடைத்திருக்கும் மக்கு (புட்டி) இளகும், பஞ்சு கருகும். எழும் புகையும் விஷம்.

முதலில் ஒன்று கேட்கிறேன்: முழுவதும் ஏன் எடுக்க வேண்டும்? பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். டேப்போடு வருவதுதான் எடுக்க வேண்டியது. வராதது இருக்கட்டும்.

எடுக்கும் இடத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே கார்பைடு சுரண்டியால் மர ஓட்டத்தோடு இழுங்கள். சுரண்டியின் இரு முனைகளையும் முன்பே உருட்டிவிடுங்கள், இல்லையென்றால் கோடு விழும். கலப்பற்று (பஞ்சும் மக்கும் அடைத்த) மூட்டின்மேல் கை மெதுவாக இருக்கட்டும். வெயில் படும் பக்கத்தில் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். பலகை காய்ந்து சுருங்கினால் மூட்டு வாய் பிளக்கும்.

பதில் 3

தூசி விஷயத்தை யாரும் அழுத்திச் சொல்லவில்லை. இந்தப் பெயின்ட் பெரும்பாலும் தாமிர ஆக்சைடு. கொட்டலசு (படகடியில் ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கடல் உயிரி) ஒட்டாமல் இருப்பதே அந்த நஞ்சால்தான். பழைய படகென்றால் அடி அடுக்கில் டிரைபியூட்டில் டின் என்ற இன்னும் கொடிய நஞ்சு இருக்கக்கூடும். அதற்கு எதிரான பன்னாட்டு உடன்படிக்கை 2008 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பிரான்சின் ஆர்க்காஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பையே குலைத்ததால், அந்த நாடு 1982-இலேயே சிறு படகுகளில் அதைக் கட்டுப்படுத்தியது. ஆகவே உலர்ந்த தேய்ப்பு கூடாது. துண்டை முகத்தில் கட்டுவது முகமூடி ஆகாது. வடிகட்டி வைத்த முகமூடி வாங்குங்கள். கீழே தார்ப்பாய் விரித்துச் செதிலைச் சாக்கில் கட்டுங்கள். கடலுக்குள் தள்ளினால் நம் இறாலுக்குத்தான் கேடு.

கேட்டவர், ஐந்து நாள் கழித்து

நன்றி ஐயா. டேப் போட்டுப் பார்த்தேன். கால் பங்குதான் கழன்றது. இடப்பக்கம் முடிந்துவிட்டது. கிரைண்டர் பள்ளத்தை எபாக்சி மக்கால் நிரப்பலாமா? புதிய பூச்சை எஞ்சிய பழையதன்மேல் நேராக அடிக்கலாமா?

பதில் 2

நகம் ஆழத்துக்குள் இருந்தால் பள்ளத்தை அப்படியே விடுங்கள், கடல் கணக்குப் பார்க்காது. ஆழமானதை மரம் காய்ந்திருந்தால் மட்டும் நிரப்பலாம். மக்கு மூட்டுக்கோட்டின்மேல் ஏறக் கூடாது, பலகை ஊறி விரியும்போது இடம் வேண்டும். புதிய பெயின்டை முதலில் ஒரு கையகலம் அடித்து ஒரு நாள் விடுங்கள். பழையது சுருங்கி எழுந்தால், இரண்டுக்கும் ஒத்துப்போகும் இடைப்பூச்சைக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

பையனின் இருமல் நின்றதா?