மறு: குதிரைக் குளம்புக்கு மாட்டுற பூட்ஸ், தமிழ்ல என்ன சொல்லலாம்?

வணக்கம் எல்லாருக்கும். ஒரு குதிரை லாயத்துக்கு 4 பக்க வழிகாட்டி மொழிபெயர்த்துக் குடுக்கணும், வெள்ளிக்கிழமை கெடு. படிக்கப் போறவங்க குதிரை பாத்துக்குற அண்ணன்மார், பாதிப்பேரு ஊர்லேர்ந்து வந்தவங்க. லாடம் அடிக்காத குதிரைய தார் ரோட்லயோ சரளைக்கல்லுலயோ கூட்டிட்டுப் போறப்ப மட்டும் மாட்டிட்டு, வந்ததும் கழட்டிடுற ரப்பர் பூட்ஸ், அதுக்கு ஒரு சொல் வேணும். 'குளம்புக் காலணி'ன்னு எழுதி வச்சிருக்கேன், ஆனா குளம்புன்னு சொல்லிட்டு திரும்பக் கால்னு வர்றது உறுத்துது.

---

அக்கா, 'குளம்பணி'ன்னு வைங்களேன். காலணி மாதிரியேதான், குளம்பு + அணி. சின்ன சொல்லு, புணர்ச்சியும் சுத்தம்.

---

தம்பி, குளம்பணின்னதும் எனக்குக் காப்பிதான் ஞாபகம் வருது. கொட்டை குளம்பு மாதிரி பிளந்திருக்குன்னு காரணம் சொல்லி குளம்பின்னு ஒரு சொல்லு உண்டாக்கினாங்க, இங்க சிங்கப்பூர் தேக்கா சந்தையில 'ஒரு குளம்பி போடுங்க'ன்னு யாராவது கேட்டு நான் பாத்ததில்ல, எல்லாருக்கும் கோப்பிதான். சொல்லு பழசா இருந்தா நிக்கும். பெரும்பாணாற்றுப்படையில வணிகர் போட்டிருக்கற செருப்பு 'அடிபுதை அரணம்'. அடிய மூடிக் காக்குற அரண், நமக்கு வேண்டியதும் அதுதானே? 'குளம்பரணம்'னு போடுங்க. அப்புறம் லகரம் மொழிமுதல் வராது, தொல்காப்பியத்துல பாத்துக்குங்க, அதனால லாடத்தை 'இலாடம்'னுதான் எழுதணும்.

---

ஐயா, மன்னிக்கணும், நான் கிராஞ்சி பந்தயத் திடல்ல குதிரைங்களோட இருந்தவன், 2024 அக்டோபர் 5 அங்க நடந்த கடைசிப் பந்தயம் வரைக்கும். அரணம்னா எங்க ஆளுங்களுக்கு விளங்காது. நாங்க பூட்னுதான் சொல்வோம், ஆனா அதுலயும் சிக்கல் இருக்கு. இப்ப இருக்கிற லாயத்துல புதுசா வந்த பையன்கிட்ட 'வெள்ளைக்குப் பூட்டு போடு'ன்னேன், அவன் போய் கதவைப் பூட்டிட்டு வந்து நிக்கிறான். அதனால தமிழ்ல ஒரு சொல்லு கண்டிப்பா வேணும்.

சொல்லு எதுவா இருந்தாலும் அளவு எடுக்குற பக்கத்தத் தெளிவா எழுதுங்கக்கா. குளம்பு சீவின கையோட அளக்கணும், மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கிட்ட வளந்துடும். அகலம் ஒண்ணு, நுனியிலேர்ந்து குதிகால் வரைக்கும் நீளம் ஒண்ணு, மில்லிமீட்டர்ல, முன்னங்கால் வட்டமா இருக்கும், பின்னங்கால் ஒடுங்கி இருக்கும், ஒரே அளவுன்னு நெனச்சு வாங்கிடக் கூடாது. பெருசா இருந்தா ஓடுறப்ப திருகிக்கும், மண்ணு உள்ள போகும். இறுக்கமா இருந்தா குதிகால் மேட்டுல உரசும். ஒரு பெண்குதிரைக்கு அப்படித்தான் ஆச்சு, வார அவுத்துப் பாத்தா ரெண்டு பக்கமும் மயிர் உதிந்து தோல் வழண்டு கசிஞ்சுக்கிட்டிருந்துச்சு, 3 வாரம் சவாரி இல்ல. நம்ம மழைக்கு ராத்திரி பூரா மாட்டி வச்சா ஈரம் தங்கி அடியில அழுகல் நாத்தம் வந்துடும், அதையும் எழுதுங்க.

கையுறை, காலுறை எல்லாருக்கும் தெரியும். 'குளம்புறை' போதும்.

---

காலுறைன்னா சாக்ஸ் தம்பி. அடித்தட்டு கெட்டியா இருக்கறத உறைன்னு எழுதினா துணி சுத்தி விட்டுடுவாங்க. பூட்டும் நல்ல தமிழ்தான், ஏர் பூட்டுறோம், தேர்ல குதிரை பூட்டுறோம், அது வேற பேச்சு. குளம்பரணத்த நான் விட மாட்டேன்.

---

எல்லாருக்கும் நன்றி, எண்ணிப் பாத்துட்டேன். குளம்புறைக்கு 6 பேரு, குளம்புக் காலணிக்கு 3, குளம்பணிக்கு தம்பி, குளம்பரணத்துக்கு ஐயா. குளம்புறைன்னே அனுப்புறேன். ஐயா சொன்ன துணிப் பயம் நியாயந்தான், அதனால மொதப் பக்கத்துலயே படம் போட்டு 'குளம்புறை: குதிரைக்கு மாட்டுற, அடி கெட்டியான ரப்பர் பூட்ஸ்'னு எழுதிட்டேன். குதிரைய 'லாடமில்லாக் குதிரை'ன்னு வச்சிருக்கேன், வெறுங்கால்னு எழுதினா ஏழைப்பட்ட குதிரை மாதிரி தோணுது. அளவு எடுக்குறதுக்குத் தனியா ஒரு பக்கமே ஒதுக்கிட்டேன், அண்ணே ஒரு தடவ படிச்சுப் பாத்துச் சொல்லுங்க.

---

அனுப்பும்மா, கெடு முக்கியம். ஆனா மூடுறது வேற, காக்குறது வேற. அப்புறம் அது இலாடமில்லாக் குதிரை.