இரண்டாம் ஹென்றி: பிள்ளைகள் துரோகிகளா, அப்பன் கஞ்சனா?

கோட்டைவாசல்
இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி என்றால் எல்லோரும் பேராயர் பெக்கெட் கொலையைப் பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். என்னை உறுத்துவது அவர் வீட்டுக் கதை. ஸ்காட்லாந்து எல்லையிலிருந்து பிரனீஸ் மலையடி வரை ஆண்ட மனிதர். 1189 ஜூலையில், மகன் ரிச்சர்டும் பிரெஞ்சு மன்னர் பிலிப்பும் சேர்ந்து துரத்த, காய்ச்சலோடு ஷினோன் கோட்டையில் வந்து விழுகிறார். எதிரியோடு சேர்ந்துகொண்டவர்களின் பட்டியலை வாசிக்கச் சொல்கிறார். முதல் பெயரே ஜான். கடைக்குட்டி, செல்லப்பிள்ளை. மேலே வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஜூலை 6-ம் தேதி உயிர் போனது. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு. குற்றம் பிள்ளைகள் மேல்தான். யாருக்காவது மறுப்பு உண்டா?

பழஞ்சுவடி
உண்டு. கடைசிக் காட்சியை மட்டும் பார்த்தால் யார் மேலும் இரக்கம் வரும். 16 வருடம் பின்னால் போங்கள்.

மூத்தவன் இளைய ஹென்றிக்கு 1170-ல், அப்பன் உயிரோடு இருக்கும்போதே, வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூட்டினார்கள். அப்போது அவனுக்கு 15 வயது. பெயர் ராஜா. ஆனால் ஆள ஒரு ஊர் இல்லை, சொந்த வருமானம் இல்லை. கூட இருக்கும் வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் அப்பனிடம்தான் கையேந்த வேண்டும். 1173-ல் ஜானுக்குச் சம்பந்தம் பேசும்போது ஷினோன், லூதன், மிர்போ ஆகிய மூன்று கோட்டைகளை அந்தச் சின்னப் பையன் பங்காக எழுதி வைக்கிறார் ஹென்றி. அவை இருக்கும் ஆஞ்சுப் பகுதி மூத்தவனுக்கு என்று முன்பே சொல்லியிருந்தது. அவனிடம் ஒரு வார்த்தை சம்மதம் கேட்க வேண்டாமா? ராத்திரியோடு ராத்திரியாகப் பாரிஸுக்கு ஓடினான்.

கோட்டைவாசல்
மூன்று கோட்டைக்காக அப்பன் மேல் படையெடுப்பதா? ஜானுக்கு அப்போது ஆறு வயது. சொத்தே இல்லாத பிள்ளைக்கு ஏதாவது கொடுக்கக் கூடாதா? இளைய ஹென்றி ஓடிய இடத்தையும் பாருங்கள், மாமனாரான பிரெஞ்சு மன்னர் ஏழாம் லூயியின் வீடு. அப்பனின் பரம எதிரி!

கடைசிபெஞ்ச்
மாமனார் என்றதும் ஞாபகம் வந்தது. அந்தக் கல்யாணம் 1160-ல் நடந்தது. மாப்பிள்ளைக்கு ஐந்து வயது, பெண்ணுக்கு இரண்டு. சீதனமாக வர வேண்டிய, நார்மண்டி எல்லையில் உள்ள வெக்ஸின் கோட்டைகள் சீக்கிரம் கைக்கு வரட்டும் என்று ஹென்றி அவசர அவசரமாக முடித்துவைத்த கல்யாணம். லூயி எதிரி என்றால் அந்த எதிரியைச் சம்பந்தி ஆக்கியது யார் சார்?

மழைக்காலவாசகி
எல்லோரும் அப்பா, பிள்ளை என்றே பேசுகிறீர்கள். ஹென்றியின் மனைவி எலியனோரை யாருமே தொடவில்லையே?

பிரான்ஸின் தென்மேற்கில் உள்ள அக்விடைன் சீமை அந்த அம்மாவின் பிறந்த வீட்டுச் சொத்து. லூயியோடு இருந்த திருமணம் 1152 மார்ச்சில் ரத்தானது. மே மாதம் 19 வயது ஹென்றியை மணந்தார், எட்டுப் பிள்ளைகள் பெற்றார். பக்கத்துச் சீமையான துலூஸும் தன் பாட்டி வழியில் தனக்கு வர வேண்டியது என்பது அவர் வாதம். 1173 பிப்ரவரியில் லிமோஜ் நகரில் துலூஸ் பிரபு வந்து ஹென்றியையும் இளைய ஹென்றியையும் தலைவர்களாக ஏற்று மண்டியிடுகிறார். அக்விடைனுக்கு வாரிசான ரிச்சர்டிடமும் பணிந்தார், சரி. ஆனால் அக்விடைன் வருங்காலத்தில் இங்கிலாந்து ராஜாவுக்குக் கீழே போய்விடுமோ என்ற பயம் எலியனோருக்கு வந்திருக்காதா? பையன்களை அப்பனுக்கு எதிரான கலகத்துக்குத் தூண்டினார் என்று அக்காலத்தவர் எழுதிவைத்ததில் உண்மை இருக்கலாம். ஆனால் காரணமில்லாமல் தூண்டவில்லை. ஆண் உடையில் தப்பிப் போகும்போது பிடிபட்டார். அதற்கப்புறம் கணவன் சாகும்வரை, 15 வருடத்துக்கு மேல் காவலில். பிள்ளைகளுக்கு மன்னிப்பு, பெண்டாட்டிக்குச் சிறை. இதுதான் உங்கள் பித்து மனமா?

கோட்டைவாசல்
தோழி, மன்னித்தார் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். 1174-ல் கலகத்தை நசுக்கிய பிறகு மூத்தவனுக்கு இரண்டு கோட்டையும் வருடம் 15,000 ஆஞ்சுப் பவுண்டும் கொடுத்தார். வேறு அரசனாக இருந்தால் கண்ணைப் பிடுங்கியிருப்பான். அப்படியும் 1183-ல் மறுபடி கலகம்! கையில் காசு தீர்ந்ததும் கோயில் குளம் பார்க்காமல் கொள்ளையடித்தான். ரோகமதூர் புனிதத் தலத்தைக்கூட விடவில்லை.

பழஞ்சுவடி
கொள்ளையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த 1174 உடன்படிக்கையைக் கவனியுங்கள். பணம் கொடுத்தார், அதிகாரம் கொடுக்கவில்லை. சாவிக்கொத்து கடைசிவரை அவர் இடுப்பில்தான். மூத்தவன் செத்த பிறகு ரிச்சர்டிடம் என்ன கேட்டார்? அக்விடைனை ஜானுக்கு விட்டுக்கொடு என்றார். பத்து வருடமாக அந்த மண்ணில் சண்டை போட்டு ஆண்டவன் அவன். சரி, அடுத்த ராஜா நீதான் என்றாவது வாய்விட்டுச் சொன்னாரா? 1188 நவம்பரில் போன்மூலான் சந்திப்பில் ரிச்சர்ட் நேருக்கு நேர் கேட்டான். பதில் இல்லை. அப்பன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிலிப் முன் மண்டியிட்டான்.

இன்னொன்று. அந்த மூன்று கோட்டைகள் முதலில் யாருடையவை? ஹென்றியின் சொந்தத் தம்பி ஜெஃப்ரிக்கு அவர்கள் அப்பா விட்டுப்போனவை. 1156-ல் முற்றுகையிட்டுப் பிடுங்கிக்கொண்டு தம்பிக்கு வருடாந்தரப் பணம் தருவதாக ஒப்பந்தம் போட்டவர் ஹென்றி. அதே வித்தையைத்தான் பிள்ளைகளிடமும் காட்டினார்.

கடைசிபெஞ்ச்
வின்செஸ்டர் அரண்மனைச் சுவர் ஓவியம் பற்றி அக்கால எழுத்தாளர் வேல்ஸ் நாட்டு ஜெரால்டு எழுதியிருக்கிறார். ஒரு கழுகு, அதைக் கொத்தும் நான்கு குஞ்சுகள். மூன்று உடம்பைக் கிழிக்க, நான்காவது கழுத்தில் உட்கார்ந்து கண்ணைக் கொத்தச் சமயம் பார்க்கிறது. அந்த நான்காவதுதான் ஜான் என்று ஹென்றியே சொன்னாராம். ஆனால் ஜெரால்டுக்கு ஹென்றி மேல் தீராத கடுப்பு, அதனால் உப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

மழைக்காலவாசகி
மூத்தவன் சாவை விட்டுவிட்டீர்களே. 1183 ஜூன், மார்த்தெல் ஊர். வயிற்றுக்கடுப்பில் கிடக்கிறான். அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று ஆள் அனுப்புகிறான். இதுவும் சூழ்ச்சியோ என்று பயந்து ஹென்றி போகவில்லை, ஒரு மோதிரத்தை மட்டும் அனுப்பினார். தரையில் சாம்பலைப் பரப்பி, கழுத்தில் கயிறு மாட்டி, அதன்மேல் தன்னைக் கிடத்தச் சொன்னான் அந்தப் பையன். வயது 28. அம்மாவிடம் இரக்கம் காட்டுங்கள் என்பது அவன் கடைசியாகக் கேட்டவற்றில் ஒன்று. போகாமல் இருந்தது தவறென்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அதற்குச் சில மாதம் முன்புதான் லிமோஜில் மகன் ஆட்கள் அப்பன் மேல் அம்பு விட்டிருந்தார்கள்.

கோட்டைவாசல்
இதைத்தான் நானும் சொல்கிறேன். அந்த நிலைக்கு ஒரு அப்பனைக் கொண்டுவந்து விட்டவன் அவன். சரி, பழஞ்சுவடி சார், ஒரே ஒரு கேள்வி. ஷினோனில் சாகும்போது பக்கத்தில் இருந்த மகன் யார்? முறையாகப் பிறக்காத இன்னொரு ஜெஃப்ரி. ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ராஜ்யத்தில் ஒரு காணி நிலம்கூட அவனுக்குப் பாத்தியதை கிடையாது. அவனால் முடிந்தது மற்றவர்களால் ஏன் முடியவில்லை?

பழஞ்சுவடி
அவனைச் சில வருடங்களாகவே அரசின் சான்சலராக வைத்திருந்தார் ஹென்றி. அரச முத்திரை அவன் கையில். பிள்ளைகளில் ஒருவனை நம்பி வேலையை ஒப்படைத்தார், அவன் நின்றான்.

கோட்டைவாசல்
அப்படியென்றால் உத்தியோகம் கொடுத்தால்தான் ஈ ஓட்டுவார்களா?