வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தவர்கள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கடையம் அம்மா:

என் மகனுக்கு இப்போது ஒன்பது வயது. மூளை முடக்குவாதம். பிறந்ததும் அழவில்லை, அந்த ராத்திரியைப் பற்றி அதற்கு மேல் எழுத மனமில்லை. ஒன்றரை வயதிலும் தலை நிற்கவில்லை. "ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் நடப்பான்" என்று தெருவே சொன்னது. எனக்கும் அதை நம்பத்தான் ஆசை.

அப்போதுதான் மாற்றுத்திறனாளிகளுக்காக வேலை செய்கிற ஆய்க்குடி அமர் சேவா சங்கத்திலிருந்து ஒரு அக்கா ஸ்கூட்டியில் வந்தார். அங்கன்வாடி டீச்சர் சொல்லி அனுப்பியிருக்கிறார். காலைப் பிடித்து மடக்கி நீட்டுவார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் பிள்ளையைத் தொடவே இல்லை. "சாப்பாடு எப்படிக் கொடுப்பீங்க? கொடுங்க, பாக்கேன்" என்றார்.

என் மாமியார்தான் ஊட்டுவார். மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, பாலாடையில் கஞ்சியை எடுத்து வாயில் விடுவார். பிள்ளை இருமுவான். மாமியார் உச்சந்தலையில் தட்டுவார். அடுத்த பாலாடை. மாதம் தவறாமல் சளி, காய்ச்சல், ஆஸ்பத்திரி. இதற்கும் அந்தப் பாலாடைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எங்களில் யாருக்குமே தோன்றவில்லை. அக்கா பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாய் கொஞ்சம் தாழ்ந்திருக்கும்படி பிடித்துக்கொண்டார். கஞ்சியைக் கெட்டியாக்கச் சொல்லி, சின்ன ஸ்பூனால் ஊட்டினார். அரை மணி நேரம் ஆனது. ஒரு தடவைகூட இருமவில்லை. மாமியார் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் காபி போட்டுக்கொண்டு வந்தார். அவர் கையால் காபி கிடைப்பது என்றால் என்னவென்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம் வாரம் ஒரு நாள் வந்தார். பிள்ளை என்ன செய்கிறான் என்பதைக் கையிலிருந்த டேப்லெட்டில் குறித்துக்கொள்வார். எனேபிளிங் இன்க்ளூஷன் என்று சங்கமே உண்டாக்கிய செயலி அது. தெரபிஸ்ட் அங்கிருந்தே பார்த்து அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்லுவார். நான் பஸ் ஏறி அலையாமல் இருந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

அமர் என்பது ஏதோ சாமி பெயர் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போன இடத்தில், உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவற்றுப் போனவர் எஸ். ராமகிருஷ்ணன். அவருக்கு ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை செய்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல். அவர் நினைவாகத்தான் 1981-ல் சொந்த ஊரில் தொடங்கியதற்கு அந்தப் பெயர் வைத்திருக்கிறார்.

உங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள்? நல்லதோ கெட்டதோ, எழுதுங்கள்.

மதுரை அப்பா:

எங்கள் கதை சின்னதுதான். மகளுக்குப் பிறக்கும்போதே இரண்டு பாதமும் உள்பக்கம் வளைந்திருந்தன. அரசு ஆஸ்பத்திரியில் பொன்செட்டி முறை. வாரம் ஒரு மாவுக்கட்டாக ஆறு கட்டு, கடைசியில் குதிகால் தசைநாணில் சின்னதாக ஒரு வெட்டு. கட்டுப் பிரித்த அன்று பாதம் நேராக இருந்தது. முடிந்தது என்று ஸ்வீட் கொடுத்துவிட்டேன். ஆனால் வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பம். இரண்டு ஷூவையும் ஒரு கம்பி இணைத்திருக்கும். முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு நாலு வயது வரை தூங்கும்போதெல்லாம் போட வேண்டும்.

பிள்ளை அழுகிறாளே என்று என் அம்மா ராத்திரி கழற்றிவிட்டு, நாங்கள் எழுந்திருக்கும் முன்னால் மாட்டிவிடுவார். இப்படி எத்தனை நாள் நடந்ததோ! க்யூர் இந்தியா என்ற தொண்டு நிறுவனத்தின் சார்பில் ஆஸ்பத்திரியில் இருந்த பெண் ஷூவுக்குள் எட்டிப் பார்த்தே கண்டுபிடித்தார். குதிகால் பட்ட அடையாளமே இல்லை, கடையில் வாங்கியதுபோல் இருந்தது. அம்மாவைத் திட்டவில்லை. பாதம் திரும்ப வளைந்துபோய் மறுபடி முதல் கட்டுக்கு வந்திருந்த இன்னொரு குழந்தையின் பக்கத்தில் அவரை உட்காரவைத்தார், அவ்வளவுதான். அன்று முதல் ஷூவுக்குக் காவல் அம்மாதான். நான் கழற்றினால்கூட ஏன் என்று கேட்பார்.

பேரணாம்பட்டு கொத்தனார்:

2014-ல் சாரத்திலிருந்து விழுந்தேன். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் ரீஹாப்பில், அதாவது மறுவாழ்வு மையத்தில், மூன்று மாதம் இருந்தேன். மேரி வர்கீஸ் பெயரில் 1966-ல் வந்த இடம். 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்ட பிறகும், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் அவர். சுவரில் இருந்த அவர் படத்தை முதல் மாதம் நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எரிச்சலாக இருக்கும்.

அங்கே கற்றது நடக்க அல்ல, பிழைத்திருக்க. படுத்தால் இரண்டு மணிக்கு ஒருமுறை புரள வேண்டும். நாற்காலியில் இருந்தால் அரை மணிக்கு ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். ராத்திரி கண்ணாடியைப் பின்னால் பிடித்துப் புட்டத்தில் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிவப்பை விட்டால் புண், புண்ணை விட்டால் எலும்பு. நாலு மணிக்கு ஒருமுறை நாமே ட்யூப் விட்டு மூத்திரம் எடுக்க வேண்டும். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

கிளம்பும் முன் வீட்டுக் கதவின் அகலம் கேட்டார்கள். மனைவி நூல் பிடித்து அளந்துகொண்டு வந்தாள். வாசல் 30 அங்குலம், கக்கூஸ் கதவு 22. என் நாற்காலி 25. அந்தக் கக்கூஸைக் கட்டியது நான்தான்! எத்தனை வீட்டுக்கு இதே 22 வைத்துக் கட்டிக்கொடுத்திருக்கிறேன் என்று அன்று ராத்திரி எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கிய கதையையும் சொல்கிறேன். இயலாமை 40 சதவீதமாவது இருக்கிறதா என்று டாக்டர் பார்த்து எழுத வேண்டும். வரச்சொன்ன அலுவலகத்தில் டாக்டர் உட்கார்ந்திருந்தது மாடியில். ஏறி வர முடிந்தால் எனக்கெதற்குச் சான்றிதழ்? தூக்கிப்போக இரண்டு பேர் முன்வந்தார்கள். வேண்டாம் என்றேன். என்னோடு இன்னும் மூன்று பேர் கீழேயே இருந்துவிட்டார்கள். மூன்று மணிக்கு டாக்டர் இறங்கி வந்தார், கோபமாகத்தான். வந்தாரே, அது போதும்.

தாராபுரம்:

ஒரு சந்தேகம். என் தம்பிக்குத் தசைச்சிதைவு நோய். இதற்கும் மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்குமா? முன்பு கேட்டபோது லிஸ்டில் இல்லை என்றார்கள்.

பேரணாம்பட்டு கொத்தனார்:

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் ஏழு வகைதான் இருந்தது. 2016 சட்டத்தில் 21. தசைச்சிதைவும் அதில் இருக்கிறது. மறுபடி போய்க் கேளுங்கள், டாக்டர் மாடியில் இருந்தால் எங்களைப்போல் கீழேயே உட்கார்ந்துகொண்டு கேளுங்கள்.

வன்னியான்:

கிளிநொச்சிப் பக்கம். மீள்குடியேறி வந்து காணி துப்புரவாக்கும்போது மிதிவெடி. இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. முதல் பொய்க்கால் ஒரு முகாமில் கிடைத்தது. வரிசையில் நிற்க வைத்தார்கள், படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். இரண்டு மாதத்தில் மிஞ்சிய கால் வற்றிவிட்டது. அதை மாட்டுகிற பொய்க்கால் கோப்பை தளர்ந்து உரசி உரசிப் புண். கழற்றிக் கூரை வளையில் தொங்கவிட்டேன். மகள் அதற்குள் பென்சில் போட்டு வைத்தாள்.

பிறகு யாழ்ப்பாணத்தில் உள்ள ஜெய்ப்பூர் நிலையத்துக்குப் போனேன். 1987 முதல், சண்டைக்குள்ளும் கால் செய்து கொடுத்த இடம். அளவெடுத்தவர் தன் காற்சட்டையைத் தூக்கிக் காட்டினார். அவருக்கும் பொய்க்கால். "இது வற்றும், திரும்ப வா. வராவிட்டால் நான் ஆள் அனுப்புவேன்" என்றார். அனுப்பவும் செய்தார்.

ஜெய்ப்பூர் கால் பற்றித் தெரியாதவர்களுக்கு: 1960-களின் கடைசியில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது. ரப்பர் பாதம். சப்பாத்து இல்லாமலே நடக்கலாம், வயலுக்குள் இறங்கலாம், சம்மணம் கட்டலாம். வெளிநாட்டுக் கால் பார்க்க வடிவுதான். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு கோயிலில் அன்னதானப் பந்தியில் இருக்க முடியாது. எனக்குப் பந்திதான் முக்கியம்.

பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தர் வழியாகக் கோழி வளர்க்கச் சின்னக் கடனும் கிடைத்தது. கோழியில் பாதியை நரி கொண்டுபோனது வேறு கதை. இப்படி ஊருக்குள்ளேயே ஊராரை வைத்துச் செய்வதைச் சமூகம் சார்ந்த புனர்வாழ்வு என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் அதற்காகப் போட்ட பயிற்சி நூலை எழுதியவர்களில் ஒருவர் பத்மானி மெண்டிஸ், இலங்கை இயன்மருத்துவர். எங்கட நாட்டு ஆள் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

தருமபுரி களப்பணியாளர்:

வீட்டுக்கு வந்தவர்களைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் வீடுகளுக்குப் போகிறவள். 17 வருடம்.

முகாமில் கொடுத்த சக்கர நாற்காலி மிளகாய் காயவைக்கும் பலகையாக நிற்பதை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் ஒரே அளவில், ஆஸ்பத்திரி வராந்தாவில் தள்ளுவதற்குச் செய்த நாற்காலி அது. எங்கள் ஊர்க் கல்லுப் பாதையில் முன்சக்கரம் புதைந்தால் ஆள் முன்னால் விழுவார்.

அதைவிட மோசம், "ப்ராஜெக்ட் முடிஞ்சிருச்சு" என்று போய்ச் சொல்வது. நான் முன்பு இருந்த நிறுவனத்துக்கு மூன்று வருடப் பணம்தான் வந்தது. பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்த ஒரு பிள்ளையின் வீட்டில் அதைச் சொன்னேன். அந்தத் தாய் "சரிங்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம். அதற்கப்புறம் சம்பளமில்லாமல் ஐந்து மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அந்தச் "சரிங்க" தாங்கவில்லை.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இளம்பிள்ளை வாதம் வந்த ஒரு அக்கா, முப்பதைத் தாண்டியவர், தவழ்ந்துதான் போவார். காலைத் தாங்கிப் பிடிக்கிற காலிப்பர் வாங்கிக்கொடுத்து, ஊன்றுகோலோடு நடக்க வைத்துவிட்டேன். நல்ல ரிப்போர்ட். ஆறு மாதம் கழித்துப் போனால் ஊன்றுகோல் மூலையில் கிடக்கிறது, அவர் தவழ்கிறார். ஏன்க்கா என்றேன். "நடந்து எங்கே போறது?" என்றார்.

சமூகம் சார்ந்த புனர்வாழ்வுக்காக உலக சுகாதார நிறுவனம் 2010-ல் கொண்டுவந்த வழிகாட்டியில் ஐந்து தூண் உண்டு: உடல்நலம், கல்வி, வாழ்வாதாரம், சமூக வாழ்க்கை, அதிகாரம் பெறுதல். பயிற்சியில் ஐந்தையும் ஒப்பித்தவள்தான் நான். வேலையில் முதல் தூணை மட்டும் கட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் பக்கத்து ஊர்களில் இருந்தவர்களைச் சேர்த்து ஒரு சங்கம் வைத்தோம். அவருக்குப் போக ஓர் இடம் வந்தது. கூட்டத்துக்கு, பிறகு வங்கிக்கு, பிறகு கிராம சபைக்கு. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க 2025-ல் சட்டத் திருத்தம் வந்ததல்லவா, முதல் வாரமே விண்ணப்பித்துவிட்டார். கிடைக்குமா என்று தெரியாது. கிராம சபையில் அவரைப் பார்த்தால் ஊராட்சி எழுத்தர் இப்போதே ஃபைலை எடுத்துவைக்கிறார்.

தாராபுரம்:

கடையம் அம்மா, பிள்ளையை எதில் உட்காரவைத்தீர்கள்? கடையில் விசாரித்தால் விலை எங்கேயோ இருக்கிறது. என் அக்கா மகளுக்கு இரண்டு வயது, இன்னும் சாய்ந்து சாய்ந்து விழுகிறாள்.

கடையம் அம்மா:

கடையில் வாங்க வேண்டாம். ஊர்த் தச்சரிடம் மூலை நாற்காலி என்று சொல்லுங்கள். கால் கிடையாது, தரையோடு உட்காரும். இரண்டு பலகை சுவர் மூலைபோல் சேர வேண்டும். தோள் இரண்டும் தானாக முன்னால் வரும். இடுப்பில் ஒரு துணிப் பட்டை. முன்னால் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு தட்டு, அவள் முழங்கை படிகிற உயரத்தில் வேண்டும். குத்துமதிப்பாகச் செய்யாதீர்கள், பிள்ளையை உட்காரவைத்து தெரபிஸ்ட் அளவு சொல்லட்டும். வளர வளர மாற்ற வேண்டியிருக்கும். பழைய கதவுப் பலகை இருந்ததால் எங்களுக்குத் தச்சர் கூலி மட்டும்தான் ஆனது.

மூலையில் துணி மடித்து வைக்க மறந்துவிடாதீர்கள், முதுகு அழுந்தும். நாங்கள் வைத்தது மாமியாரின் பழைய நூல்சேலை. அவரே கிழித்துக் கொடுத்தார்.