கோப்பு முழுசாக வந்து சேர்ந்ததா என்று ஸ்கிரிப்ட்டில் எப்படிப் பார்ப்பது?

ஆம்பூர்_ஷூ:
வணக்கம். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். சென்னை ஆபீஸ் எஸ்எஃப்டிபியில் (நெட் வழியாகக் கோப்பு அனுப்பும் முறை) ஆர்டர் சிஎஸ்வியை (பட்டியல் கோப்பு) எங்கள் உபுண்டு சர்வரில் போடும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை கிரான் (குறித்த நேரத்தில் ஸ்கிரிப்ட்டை ஓட்டும் வசதி) ஓடி, அதை எடுத்து கட்டிங்குக்கு பிரிண்ட் போடும். நேற்று லைன் திணறியது. பாதி கோப்பை எடுத்துக்கொண்டது. பட்டியல் சைஸ் 41-ஓடு நின்றுவிட்டது. 42, 43 கால்காரர்களே உலகத்தில் இல்லாத மாதிரி தோலை வெட்டி முடித்துவிட்டார்கள். திட்டு எனக்கு. இப்போது 10 விநாடி விட்டு இரண்டு தடவை கோப்பின் அளவு பார்த்து, மாறாவிட்டால் எடு என்று எழுதியிருக்கிறேன். போதுமா?

குடியாத்தம்_லினக்ஸ்:
போதாதுங்க. லைன் 15 விநாடி நின்றாலே ஏமாந்துவிடும். எல்எஸ்ஓஎஃப் போட்டுப் பாருங்க, கோப்பை எந்த ப்ராசஸாவது திறந்து வைத்திருந்தால் காட்டும். ரூட்டாக (முழு அதிகாரத்தோடு) ஓட்டணும்.

ஆம்பூர்_ஷூ:
போட்டேன் அண்ணா, வேலை செய்கிறது. நன்றி!

காட்பாடி_பழசு:
அவசரப்படாதீங்க தம்பி. நடுவில் இணைப்பு அறுந்தால் சர்வர் கோப்பை மூடிவிடும். எல்எஸ்ஓஎஃப் ஒன்றும் காட்டாது, கோப்போ பாதிதான். இனோட்டிஃபை (கோப்பில் நடப்பதைத் தெரிவிக்கும் லினக்ஸ் வசதி) தரும் க்ளோஸ்-ரைட்டும் அதே கதை: மூடியதைச் சொல்லும், முடிந்ததைச் சொல்லாது. முடிந்தது அனுப்புகிறவருக்குத்தான் தெரியும். வேறு பெயரில் ஏற்றி, முடிந்த பிறகு .சிஎஸ்வி என்று மாற்றச் சொல்லுங்க. ஒரே ஃபைல்சிஸ்டத்துக்குள் பெயர் மாற்றினால் பாதி என்ற பேச்சே இல்லை. வேறு பார்டிஷனுக்கு எம்வி (நகர்த்தும் கட்டளை) போட்டால் மட்டும் அது காப்பி, பழைய தலைவலி. ஆர்சிங்க் (கோப்பு அனுப்பும் இன்னொரு கருவி) என்றால் தானே தற்காலிகப் பெயரில் எழுதி கடைசியில் மாற்றும் (நேராக அதே கோப்பில் எழுதவைக்கும் இன்ப்ளேஸ் போடாதவரை).

ஆம்பூர்_ஷூ:
சென்னையில் கேட்டேன். கையால் வின்எஸ்சிபியில் (விண்டோஸில் கோப்பு அனுப்பும் ப்ரோக்ராம்) அனுப்புகிறார்களாம். "அதுவே .ஃபைல்பார்ட் என்று வைத்துத்தானே ஏற்றும்" என்கிறார்கள். நான் பார்த்ததே இல்லை.

காட்பாடி_பழசு:
கோப்பு எவ்வளவு பெரிசு? அமைப்பை மாற்றாமல் விட்டால் 100 கேபிக்கு மேல்தான் அப்படிச் செய்யும்.

ஆம்பூர்_ஷூ:
70 கேபி. அடப்பாவி!

காட்பாடி_பழசு:
ஹாஹா. டிரான்ஸ்ஃபரில் என்டியூரன்ஸ் பக்கம் போய் 'ஆல் ஃபைல்ஸ்' வைக்கச் சொல்லுங்க. கடைசி வரியில் மொத்த ஜோடிக் கணக்கு வருமென்றால் அதையும் கூட்டிப் பார்த்துவிடுங்க.

ஆம்பூர்_ஷூ:
மாற்றியாச்சு. பெரிய கோப்பு ஒன்றை அனுப்பச் சொல்லி, நடுவில் கேபிளைப் பிடுங்கினேன். .ஃபைல்பார்ட் அப்படியே கிடக்கிறது, ஸ்கிரிப்ட் தொடவில்லை. ஜோடிக் கணக்கு நாளைக்கு. கட்டிங்கில் இன்னும் 42 தான் ஓடுகிறது, அந்தப் பக்கம் போகவே பயம்.