மாமியார் வீட்டு வாள்: ஸ்வீடன் ஏடுகளில் தேடுவது எப்படி?

மின்னசோட்டா மருமகள்:
கணவர் வீட்டார் ஸ்வீடன் வழி. கொள்ளுத்தாத்தா 1881-இல் ஸ்மோலாந்து பக்கத்திலிருந்து வந்தவர். குடும்பப் பெயர் ஸ்வார்டு. மாமியார் சொல்லும் கதை இது: அவர் பிரபு வம்சம், இடுப்பில் வாளோடு கப்பலைவிட்டு இறங்கினாராம். நியூயார்க் எல்லிஸ் தீவுக் குடியேற்ற அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, யோஹான்சன் என்ற பெயரை அடித்து ‘வாள்’ என்றே எழுதிவிட்டாராம். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அந்த வாள் ஒரு சாண் வளர்கிறது. மகளுக்குப் பள்ளியில் வம்சாவளி எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். எதை எழுத?

ஏட்டுப்பூச்சி:
1881 சரி என்றால் தீவுக் கதை அங்கேயே படுத்துவிட்டது. எல்லிஸ் தீவு திறந்ததே 1892-இல். அதற்கு முன்பு நியூயார்க்கில் குடியேற வருபவர்களைப் பதிந்த இடம் காசில் கார்டன்தான். அங்கிருந்த குமாஸ்தாவும் யாருக்கும் பெயர் வைக்கவில்லை. கப்பலில் வந்த பட்டியலை வைத்துச் சரிபார்த்தார், அவ்வளவுதான்.

ஆனால் வாளைத் தூக்கி எறிய வேண்டாம். ‘ஸ்வேர்த்’ என்றால் ஸ்வீடிஷில் வாள்தான். சாதாரணச் சிப்பாய்க்கு வைக்கிற பெயர். படையில் பத்து ஆண்டர்சன், பத்து யோஹான்சன் இருந்தால் யாரைக் கூப்பிடுவது? அதனால் வாள், கேடயம், தைரியசாலி என்று சின்னதாக ஒன்று வைப்பார்கள். சில பண்ணைகள் சேர்ந்து ஒரு சிப்பாயை வைத்துக்கொண்டு குடிசையும் துண்டு நிலமும் கொடுக்கும். அவர் போனால் அடுத்து வருபவர் குடிசையோடு பெயரையும் வாங்கிக்கொள்வது உண்டு. பெயர் ஒன்று என்பதால் உறவு என்று நம்பி, ஒரு வருஷம் யாரோ ஒருவரின் பாட்டனாரைத் துரத்தியவன் நான்.

முதலில் உங்கள் ஊர் ஸ்வீடிஷ் லுத்தரன் சர்ச் ஏட்டைப் பாருங்கள். பலசமயம் பிறந்த ஊர்ச் சபையின் பெயர் அதில் இருக்கும். அது இல்லாமல் ஸ்வீடனுக்குள் இறங்கினால் யோஹான்சன்கள் கடலில் மூழ்குவீர்கள்.

கோத்தன்பர்க்வாசி:
ஊர் தெரிந்ததும் ‘ஹுஸ்ஃபோர்ஹோர்’, அதாவது வீட்டுத் தேர்வு ஏட்டைத் திறங்க அக்கா. பாதிரியார் வீடு வீடாக வேதபாடம் கேட்டு எழுதினது. ஸ்வீடன் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசம். கோத்தன்பர்க் போலீஸின் பயணிகள் பட்டியலும் 1869 முதல் இருக்கு.

மின்னசோட்டா மருமகள்:
கிடைத்துவிட்டது! பிறப்பேட்டில் அவர் யோஹான்சன்தான். அதில் மாமியார் சொன்னது சரி. வீட்டுத் தேர்வு ஏட்டில் அப்பா ‘சிப்பாய் ஸ்வேர்த்’. 1879-இல் இறப்பு. கொஞ்சம் தள்ளி, அதே குடிசையில் வேறொரு சிப்பாய். தாயும் பிள்ளைகளும் அங்கே இல்லை. மகன் ஒரு பண்ணையில் வேலையாள். வாசிப்புக்கு நல்ல குறி, அம்மை குத்தியாயிற்று. பெயர்மேல் நேராக ஒரு கோடு, ஓரத்தில் ‘வ. அமெரிக்கா 81’, அதாவது 1881-இல் வட அமெரிக்காவுக்குப் போய்விட்டார்.

மாமியாரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“அப்போ வாள் அவங்க அப்பாவோடது” என்றார்.