இ.இ.ஜி. வைத்து டிமென்ஷியா கண்டுபிடிக்கும் மாடல்: 96% வருகிறது, முகாமுக்குக் கொண்டுபோகலாமா?

பயோமெட் பையன்

இறுதியாண்டு ப்ராஜெக்ட்: தலையில் எலக்ட்ரோடு வைத்து மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யிலிருந்து டிமென்ஷியாவை (மறதிநோய்) கண்டுபிடிப்பது. கிரீஸில் தெசலோனிகியில் பதிவுசெய்து ஓபன்நியூரோ தளத்தில் இலவசமாகப் போட்டிருக்கும் டேட்டாவை எடுத்திருக்கிறோம். அல்சைமர் 36 பேர், ஃப்ரன்டோடெம்போரல் (மூளையின் முன், பக்கப் பகுதிகளைத் தாக்கும் டிமென்ஷியா) 23 பேர், நலமானவர்கள் 29 பேர். கண்மூடிய நிலை, 19 எலக்ட்ரோடு, 500 ஹெர்ட்ஸ். இப்போதைக்கு அல்சைமரையும் நலமானவர்களையும் மட்டும் பிரிக்கிறோம். 4 விநாடித் துண்டுகளாகப் பாதி ஓவர்லாப்புடன் வெட்டி, எலக்ட்ரோடுவாரியாக டெல்டா, தீட்டா, ஆல்பா, பீட்டா (மெதுவான அலையிலிருந்து வேகமான அலை வரை) பங்குகளை ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற மெஷின் லேர்னிங் முறைக்குக் கொடுத்தால் டெஸ்டில் 96% வருகிறது. அடுத்து ஒரு முதியோர் இல்லத்தில் ஸ்க்ரீனிங் முகாம் போடலாம் என்கிறார் கைடு. பதிவெடுக்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? இந்த 96-ஐ நம்பி அவர்களிடம் ரிசல்ட் சொல்லலாமா?

அலைக்கணக்கு

சொல்லக் கூடாது. துண்டுகளை எப்படிப் பிரித்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் அந்த 96-ஏ காட்டிக்கொடுக்கிறது: எல்லாவற்றையும் கலக்கி 80–20 ஆகப் பிரித்திருப்பீர்கள். ஒருவருக்கு ஏறத்தாழ 13 நிமிடப் பதிவு. 2 விநாடிக்கு ஒரு துண்டு என்றால் ஆளுக்குச் சுமார் 390. அதில் 310 பயிற்சிக்கும் மிச்சம் டெஸ்டுக்கும் போகிறது. அடுத்தடுத்த துண்டுகளில் பாதி சிக்னல் ஒன்றேதான். மண்டையோட்டின் தடிமன், ஆல்பா உச்சம் விழும் ஹெர்ட்ஸ், கழுத்துத் தசையின் இறுக்கம் எல்லாம் கைரேகை மாதிரி ஆளுக்கு ஆள் வேறு. உங்கள் மாடல் நோயைப் படிக்கவில்லை, ஆளை அடையாளம் பிடித்து வைத்திருக்கிறது.

ஆள்வாரியாகப் பிரியுங்கள். குரூப் கே-ஃபோல்ட் (ஒருவரின் துண்டுகள் எல்லாம் ஒரே பக்கம் விழும் பிரிப்பு) போதும். 65 பேர்தானே, ஒவ்வொருவராக வெளியே வைத்தும் ஓட்டலாம். ஸ்கேலிங், ஃபீச்சர் தேர்வு இரண்டும் பயிற்சிப் பகுதிக்குள்ளேயே நடக்க வேண்டும். முடிவைத் துண்டுக்குச் சொல்லாமல் ஆளுக்கு ஒன்றாகச் சொல்லுங்கள். அத்தனை பேரையும் அல்சைமர் என்று சொன்னாலே 55% வந்துவிடும் என்பதை அடிமட்ட அளவாக வைத்துக்கொள்ளுங்கள். 65-இல் 52 சரி, அதாவது 80% வந்தாலும், 95% நம்பக இடைவெளி 69 முதல் 88 வரை நீள்கிறது.

இன்னொன்று. அந்த அல்சைமர் குழுவின் சராசரி எம்.எம்.எஸ்.இ. (30 மதிப்பெண்ணுக்கான நினைவாற்றல் சோதனை) 17.75, நலமானவர்களுக்கு 30. நோய் நன்றாகவே வெளியே தெரியும் கட்டம் அது. அதை வைத்து ‘ஆரம்பநிலைக் கண்டுபிடிப்பு’ என்று தலைப்புப் போட்டால் வைவாவில் முதல் கேள்வியே அதுதான்.

முகாமின் கணக்கையும் போட்டுப் பாருங்கள். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4% பேருக்கு டிமென்ஷியா என்பது 2023-இல் வெளியான மதிப்பீடு. 1000 பேரில் 74. சென்சிட்டிவிட்டி (நோயுள்ளவரைப் பிடிப்பது), ஸ்பெசிஃபிசிட்டி (நோயில்லாதவரை விட்டுவிடுவது) இரண்டும் 80% என்றால் 59 பேரைச் சரியாகப் பிடிப்பீர்கள். கூடவே நோயில்லாத 185 பேரையும் பிடிப்பீர்கள். ‘இருக்கிறது’ என்று சொன்ன நாலு பேரில் மூன்று பேருக்கு ஒன்றுமிராது.

பதிவறை

மாடல் விஷயம் எனக்கு வேண்டாம், பதிவைப் பற்றிச் சொல்கிறேன் தம்பி.

முந்தின நாள் ஷாம்பு போட்டுக் குளிக்கச் சொல்லுங்கள், அன்று எண்ணெய் வேண்டாம். தேங்காயெண்ணெய்த் தலையில் இம்பிடன்ஸ் (எலக்ட்ரோடுக்கும் தோலுக்கும் இடையிலான மின்தடை) இறங்கவே இறங்காது. 5 கிலோ-ஓமுக்குக் கீழே, எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். ஏதாவது இரண்டு எலக்ட்ரோடு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் மகிழ வேண்டாம். பேஸ்ட் வழிந்து ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். டேப் வைத்துத்தான் அளக்க வேண்டும்: மூக்குத்தண்டின் மேற்பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரை 36 செ.மீ. என்றால் உச்சிப்புள்ளி 18-இல், பின்பக்க வரிசை மேட்டிலிருந்து 3.6 செ.மீ. மேலே.

உங்களுக்கு முக்கியமான ஓ1, ஓ2 (பின்மண்டை எலக்ட்ரோடுகள்) இரண்டும் தலையணையில் அழுந்தும். மூச்சு விடும்போதெல்லாம் மெதுவாக ஆடும் அலை வரும், அதை டெல்டா என்று கம்ப்யூட்டர் எண்ணிக்கொள்ளும். டவலைச் சுருட்டிக் கழுத்துக்குக் கீழே வையுங்கள், பின்மண்டை தூக்கி நிற்கும். டேபிள் ஃபேன் காற்று வயரை ஆட்டாத இடமாகப் பாருங்கள். அதற்காக ஃபேனையே நிறுத்தினால் வியர்வையில் கோடு அலைபாயும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை தூக்கம். வயதானவர்களைக் கண்மூடிப் படுக்கவைத்தால் சில நிமிடத்தில் கண் அயர்ந்துவிடுவார்கள். ஆல்பா கரையும், தீட்டா ஏறும். அல்சைமரில் நீங்கள் தேடுவதும் இதே படம்தான். எஃப்7, எஃப்8 (நெற்றியின் இரு ஓர எலக்ட்ரோடுகள்) இரண்டிலும் எதிரெதிராக மெதுவாக உருளும் அலை தெரிந்தால் கண் சுழல்கிறது, அயர்வு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே பேர் சொல்லிக் கூப்பிட்டு, கண்ணைத் திறக்கச் சொல்லி, 10 விநாடி கழித்து மூடச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் மார்க்கர் போடுங்கள். கண் மூடிய முதல் விநாடியை அளக்காதீர்கள், அப்போது ஆல்பா கொஞ்சம் வேகமாகவே ஓடும். மொத்தம் 20 நிமிடமாவது எடுத்தால் நல்ல விழிப்பில் 2, 3 நிமிடம் சுத்தமாகத் தேறும்.

நியூரோ ஓ.பி.

பதிவறை சொன்னதோடு மருந்துச் சீட்டையும் சேருங்கள். லோராசெபாம், குளோனாசெபாம் பீட்டாவைத் தூக்கும். அமிட்ரிப்டிலின், க்ளோசபின், லித்தியம் அலைகளை மந்தமாக்கும். பி.பி.க்கான நீர் மாத்திரையால் சோடியம் இறங்கியிருந்தாலும் மந்தம்தான். எதையும் பதிவுக்காக நிறுத்தச் சொல்லாதீர்கள், படிவத்தில் குறித்தால் போதும்.

நல்ல விழிப்பில் பின்பக்க ரிதம் (கண் மூடினால் பின்மண்டையில் வரும் ஆல்பா) 80 வயதிலும் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகக் கூடாது. போனால் எங்கேயோ கோளாறு இருக்கிறது. அது அல்சைமர்தான் என்று அந்த எண் சொல்லாது. மறுபக்கம், ஆரம்ப அல்சைமரிலும் ஃப்ரன்டோடெம்போரலிலும் பதிவு முழுக்க நார்மலாக இருக்கலாம். இடது பொட்டுப் பக்கம் எப்போதாவது எட்டிப்பார்க்கும் தீட்டா 60-க்கு மேல் பலருக்கும் உண்டு, அதை நோயில் சேர்க்காதீர்கள்.

இ.இ.ஜி.யின் பலம் வேறு இடத்தில். லூயி பாடி டிமென்ஷியாவில் பின்பக்க ரிதம் மந்தமாகி, நேரத்துக்கு நேரம் மாறிக்கொண்டே இருக்கும். 2017 ஒருமித்த வரையறையில் இது துணை அடையாளம். சில வாரங்களில் வேகமாகச் சரிபவரிடம் விநாடிக்கு ஒன்றாகக் கூரான அலை வந்தால் க்ரூட்ஸ்ஃபெல்ட்–யாகோப் என்ற அரிய மூளைநோயைச் சந்தேகிக்கலாம். குழப்பத்தோடு வருபவருக்கு வெளியே தெரியாத வலிப்பு ஓடிக்கொண்டிருந்தால் இ.இ.ஜி. எடுத்தால்தான் தெரியும், மருந்தும் உண்டு. முகாமில் யாருக்காவது மந்தம் தெரிந்தால் டிமென்ஷியா என்ற சொல்லையே எடுக்காமல் பி12, தைராய்டு, சோடியம் பார்க்க டாக்டரிடம் அனுப்புங்கள். எதிக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கியாயிற்றா?

பயோமெட் பையன்

இன்னும் இல்லை சார், இந்த வாரம் விண்ணப்பிக்கிறோம். 19 எலக்ட்ரோடு வைக்க நேரமாகிறது. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் நாலு சென்சார் உள்ள ஹெட்பேண்ட் போதுமா?

அலைக்கணக்கு

ஆல்பா உச்சம் எத்தனை ஹெர்ட்ஸ் என்று பார்க்க மட்டும் காதுக்குப் பின் உள்ளவை ஓரளவு உதவும். நெற்றி சென்சாரில் டெல்டா, தீட்டா அளந்தால் பாதி கண் அசைவுதான் வரும். ரெஃபரன்ஸும் (ஒப்பிட்டு அளக்கும் எலக்ட்ரோடு) வேறு என்பதால் தெசலோனிகி டேட்டாவில் பழகிய மாடல் அதில் வேலை செய்யாது.