மாஸ்டர்ஸ்கோப் பாதி அழைப்புகளைக் காட்டவே இல்லை, உதவி தேவை

மேசைவிளக்கு:
அவசரம். மெட்லி என்ற சூழலில் ஓடும், இன்டர்லிஸ்ப் (லிஸ்ப் மொழியின் ஒரு வகை) என்ற மொழியில் எழுதிய பழைய நிரல் ஒன்று என் தலையில் விழுந்திருக்கிறது. ஒரு ஃபங்ஷனை நீக்க வேண்டும். எந்த ஃபங்ஷன் எதை அழைக்கிறது என்று சொல்லும் கருவியான மாஸ்டர்ஸ்கோப்பிடம் ‘ஹூ கால்ஸ்’ (யார் அழைக்கிறார்) என்று கேட்டால் யாருமே இல்லை என்கிறது. நம்பி நீக்கினேன், 3 இடத்தில் உடைந்தது. மாஸ்டர்ஸ்கோப்பே கெட்டுவிட்டதா?

அடைப்புக்குறி:
எந்த வெளியீடு? கோப்பை எப்படி ஏற்றினீர்கள்? கேட்பதற்கு முன் அனலைஸ் கட்டளையால் கோப்பை அலசச் செய்தீர்களா? பெயரை எப்படித் தட்டினீர்கள்? இன்டர்லிஸ்ப்பில் சின்ன எழுத்து வேறு, பெரிய எழுத்து வேறு. எனக்கு அங்கேதான் சந்தேகம்.

நூல்கண்டு:
எழுத்தெல்லாம் இருக்காது. கம்பைல் செய்த (இயந்திரத்துக்காக மாற்றிய) கோப்பை மட்டும் ஏற்றியிருப்பார். மாஸ்டர்ஸ்கோப் மூல நிரலைப் படித்துத்தான் யார் யாரை அழைக்கிறார் என்று குறித்து வைக்கும். மூலக் கோப்பைக் காட்டிக்கொடுக்க லோட்ஃப்ரம் கட்டளை போட்டுவிட்டு மறுபடி அனலைஸ் செய்யுங்கள்.

பழசு85:
தம்பி, 1985 இன்டர்லிஸ்ப் கையேட்டில் அத்தியாயம் 19 முழுக்க மாஸ்டர்ஸ்கோப்தான். அதைப் படித்துவிட்டு வந்து கேட்டால் எல்லாருக்கும் நேரம் மிச்சம்.

கோடுவாசி:
எதற்கு இத்தனை பாடு? கோப்பில் சொல் தேடும் க்ரெப் போட்டால் 2 நொடி.

அடைப்புக்குறி:
போட்டுத்தான் பாருங்களேன். இந்த மாதிரிப் பழைய மெட்லி கோப்பில் வரி முடிவுக்கு சிஆர் என்ற குறி மட்டும்தான், க்ரெப் எதிர்பார்க்கும் எல்எஃப் குறி இல்லை. க்ரெப்புக்கு முழுக் கோப்பும் ஒரே வரி, அப்படியே திரையில் கொட்டும்.

கோடுவாசி:
எழுத்துகளை மாற்றும் டிஆர் கட்டளை வைத்து அந்தக் குறியை மாற்றினால் தீர்ந்தது.

பழசு85:
நடுநடுவே கிடக்கும் எழுத்துருக் குறிகளை என்ன செய்வீர்? ஒரு பெயர் கமெண்டில் வருகிறதா, மாறியாக வருகிறதா, அழைப்பா என்று க்ரெப்புக்குத் தெரியுமா? டெய்டல்மன், மாசின்டர் எல்லாம் சேர்ந்து இன்டர்லிஸ்ப்பைக் கட்டியதற்கு 1992இல் கணினியாளர் சங்கமான ஏசிஎம் சும்மாவா விருது கொடுத்தது?

கோடுவாசி:
விருது வந்து இவர் நிரலைத் திருத்துமா?

நூல்கண்டு:
சண்டை அப்புறம். மேசைவிளக்கு, உடைந்த 3 இடமும் எப்படி இருக்கின்றன?

மேசைவிளக்கு:
லோட்ஃப்ரம், அனலைஸ் எல்லாம் முதலிலேயே செய்தாயிற்று. பெயரும் பெரிய எழுத்தில்தான். மூன்றுமே இங்கே முன்பு இருந்தவர் எழுதிய ஓர் என்லாம்டா வகை ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் ஆர்குமெண்டுகளுக்குள் (உள்ளீடுகளுக்குள்) வருகின்றன. அது முக்கியம் என்று தோன்றவில்லை.

அடைப்புக்குறி:
அதுதானே முக்கியம்! என்லாம்டா ஆர்குமெண்டுகளை மதிப்பிடாமல் அப்படியே வாங்கிக்கொள்ளும். உள்ளே இருப்பது ஓடப்போகும் நிரலா, வெறும் பட்டியலா என்று மாஸ்டர்ஸ்கோப் எப்படிக் கண்டுபிடிக்கும்? எந்த ஆர்குமெண்ட் நிரல், எது இல்லை என்று சொல்லும் டெம்ப்ளேட்டை நாம்தான் கொடுக்க வேண்டும். முதல் ஆர்குமெண்ட் வெறும் பெயர் என்றால் செட்டெம்ப்ளேட் கட்டளையில் அந்த இடத்துக்கு நில் (அலச வேண்டாம்), பிறகு அடுத்தடுத்து இரண்டு புள்ளி (மீதி எல்லாவற்றுக்கும்), ஈவல் (ஓடும் நிரல்). அதன்பின் ரீஅனலைஸ். டெம்ப்ளேட்டைக் கோப்பின் காம்ஸ் பட்டியலிலும் (கோப்பில் என்னென்ன சேமிக்க வேண்டும் என்ற பட்டியல்) சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்களுக்கு அடுத்து வருபவர் இதே கேள்வியோடு வந்து நிற்பார். சின்ன எழுத்து என்று நான் சொன்னதை மறந்துவிடுங்கள்.

பழசு85:
அத்தியாயம் 19 என்றேனே.

நூல்கண்டு:
அத்தியாயம் சொன்னீர்கள் ஐயா, என்லாம்டா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

மேசைவிளக்கு:
வேலை செய்கிறது. அழைப்பது 3 இடம் இல்லை, 11. நீக்கியதைத் திரும்ப வைத்துவிட்டேன். நன்றி.